குடிநோயாளிக்கு உபதேசம் வேண்டாம், வட்டம் வேண்டும்



2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், தினக்கூலிகள். பிணங்களை அடக்கம் செய்து முடிப்பதற்குள் கேள்வி கிளம்பிவிட்டது: ‘குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?’ கேட்டவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாடியில் தனி அறை ஒதுக்கி பாட்டில் அடுக்குகிறவர்கள்தான். அவர்கள் குடித்தால் அது வேலைக் களைப்பு, கொண்டாட்டம், நட்பு. நம் ஆள் குடித்தால் மட்டும் அது சாதிக் குணம்.

இந்தப் பொதுப்புத்திக்கு நாம் எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் இந்தக் கட்டுரை அவர்களுக்கு எழுதப்படவில்லை. நமக்கு நாமே எழுதிக்கொள்கிறோம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கடை திறக்கும் வரை சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு நம் இயக்கம் என்ன வைத்திருக்கிறது என்பதே கேள்வி.

நேராகச் சொன்னால், இரண்டே இரண்டுதான் வைத்திருக்கிறோம். ஒன்று மௌனம். சேரி என்றாலே குடி என்று ஏசுகிறவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துவிடக் கூடாதென்று நம் வீட்டுக் குடியை மூடி மறைக்கிறோம். மற்றொன்று தீர்மானம். ‘டாஸ்மாக்கை இழுத்து மூடு’ என்று மேடையில் முழங்குகிறோம். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்குத் திரண்ட பெண்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோரிக்கையை நாம் ஒரு அங்குலமும் கைவிடவில்லை. ஆனால் மாநாடு முடிந்து அந்தப் பெண்கள் திரும்பிப் போன வீட்டில், அன்று இரவும் ஒருவர் விழுந்து கிடந்திருப்பார். அவரை எழுப்பி உட்கார வைக்க நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

விற்பதும் அரசு, வைவதும் அரசு

2003 இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், மீதி நாலாயிரத்துச் சொச்சம் கடைகள் திறந்தே இருக்கின்றன. மாலையில் பாட்டிலை நீட்டும் அதே கை காலையில் ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று போஸ்டர் ஒட்டுகிறது.

சிகிச்சை என்று பார்த்தால், ஒன்றிய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளியான ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அந்த ஒருவர் யாராக இருப்பார், மீதி 179 பேர் எந்தத் தெருவில் இருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இந்த இடைவெளியில்தான் உரிமம் இல்லாத ‘மறுவாழ்வு மையங்கள்’ முளைக்கின்றன. இரவில் வேன் வரும், நாலு பேர் கையைக் காலைக் கட்டித் தூக்கிப் போவார்கள், மாதத்துக்கு இவ்வளவு என்று அந்தக் குடும்பம் தாலியை அடகு வைத்துக் கட்டும். உள்ளே அடி. அடியில் செத்தவர்களின் செய்தியும் அவ்வப்போது நாளிதழில் மூலைச் செய்தியாக வருகிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒருவரைக் கொடுமைப்படுத்தாமல், கண்ணியமாக நடத்த வேண்டும் என்கிறது. குடிநோயாளிக்கும் அது பொருந்தும். காவல் நிலையத்தில் அடி விழுந்தால் கொதிக்கிற நாம், ‘மையத்தில்’ விழும் அடியை ‘திருந்தட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். எந்த அடியும் வைத்தியம் ஆகாது.

குடி எப்படி நம் தலையில் கட்டப்பட்டது

சாவு வீட்டில் பறை அடிக்க அழைத்து, கூலியில் பாதியைச் சாராயமாகக் கொடுத்தது யார்? சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கும் பிணவறையில் வேலை செய்கிறவருக்கும் ‘ஒரு குவார்ட்டர் போட்டுக்கோ, நாத்தம் தெரியாது’ என்று யோசனை சொல்வது யார்? கையுறையும் முகக்கவசமும் இயந்திரமும் வாங்க வேண்டிய காசை மிச்சம் பிடிக்க மது உதவியது. சுயநினைவோடு செய்ய முடியாத வேலையை ஒரு சாதிமேல் சுமத்திவிட்டு, நினைவிழக்கப் பழக்கிவிட்டு, பிறகு ‘குடிகாரன்’ என்று பெயரும் வைத்தார்கள்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்தார்கள். ‘டாப்’ முறை என்று அதற்குப் பெயர். கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் அந்தப் பகுதியில் இன்றும் மிக அதிகம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் எசமானர்கள் அடிமைகளை வேண்டுமென்றே குடிக்கத் தூண்டியதை விளக்குகிறார். ‘சுதந்திரம்’ என்றாலே இப்படி விழுந்து கிடப்பதுதான் என்று அடிமை தானே வெறுத்துப் போக வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. தானாகக் குடித்தவன் என்று நம் ஆளைக் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளி

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், வியாபாரம் நொடித்து மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இருந்த பங்குத் தரகர் பில் வில்சன், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். டாக்டருக்கே புத்தி சொல்ல வில்சன் போகவில்லை. தன் கதையைச் சொன்னார், அவர் கதையைக் கேட்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அங்கிருந்து பிறந்தது. இன்று தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன.

அதன் அடிப்படை எளிது. வட்டமாக உட்கார்கிறார்கள். ஒருவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. குடியை நிறுத்த விரும்புவது ஒன்றே சேரத் தகுதி. முழுப்பெயர் தேவையில்லை. நிரந்தரத் தலைவர் கிடையாது. குடித்துவிட்டு மறுபடி வந்தாலும் நாற்காலி உண்டு.

இது வேலை செய்கிறதா? 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. ஏ.ஏ. வழிக்கு ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் ஓராண்டுக்குப் பிறகு முழுதாகக் குடியை விட்டிருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் அது சுமார் 35. காசில்லாமல், உடன் குடித்தவர்களாலேயே நடத்தப்படும் ஒன்று, பட்டம் பெற்றவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவதற்குக் குறைந்ததில்லை என்று அர்த்தம். கூடவே இன்னொன்றும் தெரிகிறது: பாதிக்கு மேற்பட்டோர் முதல் ஆண்டில் தடுக்கி விழுகிறார்கள். விழுவது இந்த நோயின் இயல்பு. ‘சத்தியம் பண்ணிட்டு மறுபடி குடிச்சிட்டான்’ என்று காறித் துப்புவதற்கு அதில் ஒன்றுமில்லை.

நம் தெருவிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர் 48 நாள் குடிப்பதில்லை. கழற்றிய அன்றே கடைக்குப் போகிறார். ஐயப்பன் சக்தி என்று பக்தர் சொல்வார், மூடநம்பிக்கை என்று நாம் சொல்லிவிட்டுக் கடந்து போவோம். கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. விடியலில் எழுப்ப ஆள் இருக்கிறது, சாயங்காலம் சேர்ந்து உட்கார இடம் இருக்கிறது, முன்பே போய்வந்த ஒருவர் வழிகாட்டுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்ற நாளெல்லாம் ‘டேய்’ என்று கூப்பிட்ட ஊர் அந்த 48 நாள் ‘சாமி’ என்கிறது. மரியாதையும் துணையும் ஒரு மனிதரைக் குடியிலிருந்து தூக்கி நிறுத்துகின்றன. மாலையோடு அவை இரண்டும் கழற்றப்படும்போது அவர் விழுகிறார். நாம் கேட்பது அந்த மரியாதையையும் துணையையும் 365 நாளுக்கு.

கடன் வாங்குவோம், அப்படியே அல்ல

ஏ.ஏ.யை விழுந்து கும்பிட வேண்டியதில்லை. அதைத் தொடங்கியவர்கள் வெள்ளை நடுத்தர வர்க்க ஆண்கள். அதன் தடம் அதில் இருக்கிறது. 1940களின் நடுவில் வாஷிங்டனிலும் சிகாகோவிலும் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று குழுக்களைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதே, ‘எல்லாருக்கும் பொது’ என்ற வட்டத்தில் நிறவெறியும் உட்கார்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஊர்ப் பக்கம் இருக்கும் மண்டபத்தில், ஆதிக்கசாதிக்காரர் அரைவட்டம் உட்கார்ந்திருக்க, நம் அண்ணன் எதைப் பேசுவார்? குடிக்கத் தொடங்கிய காரணம் அந்த மண்டபத்துக்காரரின் தோட்டத்தில் பட்ட அவமானம் என்றால், அதை அங்கே சொல்வாரா?

ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. அகங்காரம் பிடித்த பங்குத் தரகருக்கு அது மருந்தாக இருக்கலாம். பிறந்ததிலிருந்து ‘உனக்குச் சக்தியில்லை’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு அதையே மருந்தென்று கொடுப்பதா? இதே கேள்வியைப் பெண்கள் சார்பாக எழுப்பிய ஜீன் கர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பெண், 1975இல் பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். ஏற்கெனவே நொறுக்கப்பட்டவருக்குத் தேவை தன்மதிப்பு என்றார். படிகளில் திரும்பத் திரும்ப வரும் கடவுளும் அப்படித்தான். ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று தளர்த்தியிருக்கிறார்கள். பௌத்தருக்கும் நாத்திகருக்கும் அந்தத் தளர்வு போதாது. தன்னைவிடப் பெரிய ஒன்று வேண்டுமென்றால் நம்மிடம் சங்கம் இருக்கிறது.

அம்பேத்கரிடம் இதற்கு வழி உண்டு. 1951இல் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷனின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தது. வருவாயை வீணாக்கும் கொள்கை என்றது. ஐந்தாண்டு கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அதே தலைவர் லட்சக்கணக்கான மக்களோடு 22 உறுதிமொழிகளை ஏற்றபோது, மது அருந்த மாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. இதில் முரண்பாடு தேடுகிறவர்கள் தேடட்டும். நாம் பார்ப்பது இதைத்தான்: மேலிருந்து போலீஸ் தடியால் திணிக்கும் ஒழுக்கத்தை அவர் நம்பவில்லை. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து, நிமிர்ந்து நின்று, தன் வாயால் சொல்லும் உறுதியை நம்பினார். அவருக்கு முன்பே பஞ்சசீலத்தை நம் மக்களிடம் கொண்டு வந்த அயோத்திதாசரின் வழியும் இதுதான். ‘நான் சக்தியற்றவன்’ என்பதற்குப் பதிலாக ‘நான் தனியாக இல்லை’ என்று நம் வட்டம் தொடங்கட்டும்.

‘இது தொண்டு வேலை, அரசியல் இல்லை’ என்பவர்களுக்கு

நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: சாதி கொடுத்த நோயை, அரசு வளர்த்த நோயை, தனிமனிதர் பேச்சால் தீர்க்கச் சொல்வது பிரச்சினையைத் திசைதிருப்புவதில்லையா? நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறோம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆல்கலி லேக் என்ற பூர்வகுடிச் சமூகம். ஊரே குடியில் மூழ்கியிருந்தது. 1972இல் பிலிஸ் செல்சி என்ற பெண் குடியை நிறுத்தினார். பின்னாலேயே கணவர் ஆண்டி செல்சியும் நிறுத்தினார், பிறகு அந்தச் சமூகத்தின் தலைவரானார். வாராவாரம் கூட்டம் போட்டார்கள், ஆரம்பத்தில் வந்தவர்கள் ஒரு சிலரே. ஊருக்குள் திருட்டுத்தனமாக மது விற்றவர்களை எதிர்த்து நின்றார்கள். சிகிச்சைக்குப் போனவரின் பிள்ளைகளை ஊர் பார்த்துக்கொண்டது. 1980களின் நடுவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது முக்கியம். தெளிந்த மனதோடு உட்கார்ந்தபோதுதான், தேவாலயம் நடத்திய விடுதிப் பள்ளிகளில் சிறுவயதில் தங்கள்மேல் நடத்தப்பட்ட பாலியல் வன்கொடுமைகளைப் பேசத் தொடங்கினார்கள். வட்டம் அரசியலை மழுங்கடிக்கவில்லை. அதுவரை பேச முடியாதிருந்த அரசியலைப் பேச வைத்தது.

இரண்டாவது ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் உட்கார்ந்த ஏழைப் பெண்கள் எழுத்தோடு தங்கள் வீட்டுச் சாராயக் கதையையும் பகிர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து கிளம்பிய போராட்டம் சாராயக் கடை ஏலத்தையே நிறுத்தியது. 1993இல் சாராயத்துக்குத் தடை, 1995இல் முழு மதுவிலக்கு. 1997இலேயே அரசு அதைத் தளர்த்திவிட்டது என்பதும் பாடம்தான். கடையை மூடவைத்த பெண்களின் பக்கத்தில், குடியை விட்ட ஆண்களின் வட்டமும் ஊர்தோறும் இருந்திருந்தால் அரசு அவ்வளவு சுலபமாகப் பின்வாங்கியிருக்குமா என்று யோசியுங்கள்.

எப்படித் தொடங்குவது

உங்கள் காலனியில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கும், இரவுப் பாடசாலை இருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மாறாத நேரம். அதை இயக்கம் திறந்து கொடுக்கட்டும், பிறகு விலகி நிற்கட்டும். 1840இல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தும் சில ஆண்டுகளில் கரைந்து போனதற்கு, வெளி அரசியல் சண்டைகள் உள்ளே புகுந்ததும் ஒரு காரணம். எனவே வட்டத்துக்குள் கொடி இல்லை, உறுப்பினர் படிவம் இல்லை, போட்டோ இல்லை, பேஸ்புக் நேரலை இல்லை. ‘எங்கள் கிளை பத்துப் பேரைத் திருத்தியது’ என்று பேனர் அடித்தால் அன்றோடு வட்டம் முடிந்தது. நடத்துவது குடியிலிருந்து மீண்டவர்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்து நகரத்து ஏ.ஏ. குழுவிலிருந்து ஒருவரை நாலு வாரம் வரச் சொல்லுங்கள், வருவார்கள்.

ஒரு தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெயர் மறைப்பு அங்கே நடக்காது. அதனால் உள்ளே பேசியது வெளியே போகாது என்ற விதியைக் கறாராக வையுங்கள். கூச்சப்படுகிறவர் அடுத்த காலனி வட்டத்துக்குப் போகட்டும், அங்கிருப்பவர் இங்கே வரட்டும்.

பெண்களுக்குத் தனி வட்டம் கட்டாயம். அடி வாங்கியவர், சம்பளத்தைப் பறிகொடுத்தவர், சில வீடுகளில் தானே குடிப்பவர் என எல்லாரும் அதில் பேசட்டும். குடியை விட்டவர் என்பதற்காக மனைவியை அடித்ததற்கு மன்னிப்பு தானாக வந்துவிடாது. நோய்க்குச் சிகிச்சை, வன்முறைக்கு வழக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இன்னொன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம். மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல் என்று முற்றினால் உயிரே போகலாம். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் கொண்டு போகாதீர்கள், வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நிறுத்தும் முன்பே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வையுங்கள். சோற்றில் தெரியாமல் கலக்கும் மாத்திரை ஆபத்தானது, அதன்மேல் மது போனால் உயிருக்கு உலை. மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. மருத்துவமனை உடம்பைத் தேற்றும். அதற்குப் பிறகு வரும் ஆயிரம் சாயங்காலங்களுக்குத்தான் வட்டம்.

கடைசியாக, மாணவத் தோழர்களுக்கு. டாஸ்மாக் வருவாயில் ஒரு பங்கை மாவட்டந்தோறும் இலவச மது நீக்கச் சிகிச்சைக்கு ஒதுக்கு என்று கோருவோம். தலித் குடியிருப்பை ஒட்டிய கடைகளை அகற்று என்று கோருவோம். உரிமமில்லாத மையங்களை மூட வைப்போம். இவை வீதிப் போராட்டங்கள். அதே வாரம், அதே காலனியில், ஒரு பாயை விரித்து நாலு பேரை உட்கார வைப்பதும் போராட்டம்தான். நம் கூட்டங்களுக்குக் குடித்துவிட்டு வருகிறவரை ஓரமாக இழுத்துப் போய் அடித்து அனுப்பும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துவோம். தெளிந்த பிறகு அவரை ‘அண்ணே, வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க’ என்று கூப்பிடுவோம். அவர் வராவிட்டால் அடுத்த வாரமும் கூப்பிடுவோம்.

ஜெய்பீம்.